"சார் வரலியா மேடம்?"

எதைக் கேட்டாலும் "மாத்திடலாம்"னு பதில் சொல்றவங்களப் பாத்தா எனக்கு இப்பல்லாம் பத்திக்கிட்டு வருது.

மாத்தறது தப்புன்னு சொல்லல. தேஞ்சா மாத்தித்தான் ஆகணும். ஆனா என்ன தேஞ்சதுன்னு பாக்காமயே எப்படிங்க மாத்தறது? அந்த மெக்கானிக் பானெட்டைக்கூட திறக்கல. நான் சாவியத் திருப்பினேன். "டிக்". அவ்ளோதான். இஞ்சின் அசையல. கடை வாசல்ல டீ கிளாஸோட நின்னவரு அங்கிருந்தே தீர்ப்பு சொல்லிட்டாரு: "பேட்டரி போச்சு மேடம், மாத்திடலாம். சார் வரலியா?"

(சார் எதுக்கு? சார் வந்து உக்காந்தா பேட்டரி சார்ஜ் ஏறிடுமா?)

பேட்டரி வாங்கி ஒரு வருஷம்கூட ஆகலங்க. வாரண்டி அட்டை டேஷ்போர்டுக்குள்ளயே கெடக்குது. எடுத்துக் காட்டினேன். மனுஷன் கொஞ்சமும் அசரல. "அப்போ செல்ஃப் மோட்டார் போயிருக்கும். மாத்திடலாம்."

அடுத்து நான் "ஹெட்லைட் நல்லா எரியுதே"ன்னு சொல்லியிருந்தா அதையும் மாத்திருப்பாருன்னு நெனைக்கறேன்.

வண்டி எங்க அப்பாவோடது. பழசு. சேலத்து வெயில்லயே காஞ்சு, எஃப்.சி. காட்டிக் காட்டி இன்னும் ஓடிக்கிட்டிருக்கு. அப்பா இப்போ ஓட்டறதில்ல, நான்தான் ஓட்டறேன். அன்னைக்கு நாலு பேர் தள்ளி, செகண்ட் கியர்ல கிளட்ச்ச விட்டு ஸ்டார்ட் பண்ணி வீட்டுக்குக் கொண்டுவந்தோம். வந்த எரிச்சல்ல நேரா போயி வாங்கினது ஒரு மல்டிமீட்டர். எலக்ட்ரிக்கல் கடையில கெடைக்கற சின்ன மஞ்சக் கலர் டப்பா, முந்நூறு நானூறு ரூபாய்க்குள்ள வரும். என் கார் படிப்போட முழு ஃபீஸும் ஏறக்குறைய அவ்ளோதான்.

மொதல்ல யூட்யூப்தான் பாத்தேன், எல்லாரையும் போல. அதுல வர்றவங்களுக்கு வீட்டுலயே வண்டியத் தூக்கற லிஃப்ட் இருக்கு, செவுரு பூரா ஸ்பேனர் தொங்குது. நம்ம வீட்டு வாசல்ல கோலத்தையும் செருப்பையும் தாண்டித்தான் பானெட்டுக்கே போகணும். அப்புறம் சொந்தக்காரப் பையன் ஒருத்தன் ஐ.டி.ஐ.ல மெக்கானிக் மோட்டார் வெஹிக்கிள் (ரெண்டு வருஷப் படிப்பு அது) முடிச்சிருந்தான். அவனோட பழைய புத்தகத்தக் குடுத்தான். கிண்டியில நிமி-ன்னு மத்திய அரசு நிறுவனம் ஒண்ணு இருக்கு, ஐ.டி.ஐ. பாடப் புத்தகமெல்லாம் அவங்கதான் போடறாங்க, தமிழ்லயும் உண்டு. சும்மா சொல்லக்கூடாது, நடை அப்படியே உமி. மூணு பக்கம் படிச்சா கொட்டாவி வரும். ஆனா படங்கள் இருக்கு பாருங்க, அதுக்காகவே கண்ணுல ஒத்திக்கலாம்.

அந்தப் படங்கள்ல ஒரு விஷயம் கண்ணுல பட்டுச்சு. எல்லாப் படத்துலயும் அம்புக்குறி. கரண்டுக்கு அம்பு. தண்ணிக்கு அம்பு. ஆயிலுக்கு அம்பு. ஏதோ ஒண்ணு ஒரு இடத்துலருந்து கெளம்பி, வேலையப் பாத்துட்டு, பெரும்பாலும் கெளம்பின இடத்துக்கே திரும்பி வருது. காருங்கறது இப்படி நாலஞ்சு சுத்துப்பாதைய ஒரே பெட்டிக்குள்ள வெச்சதுதான். கெட்டுப்போச்சுன்னா, ஏதோ ஒரு பாதை எங்கயோ அடைச்சிருக்கு, இல்ல அறுந்திருக்கு, இல்ல ஒழுகுது. எந்தப் பாதை, எந்த எடம்னு தேடறதுதான் ரிப்பேர்ல முக்கால்வாசி. மாத்தறது மிச்சம் கால்வாசி.

இது எனக்குப் புரிஞ்சதுலருந்து பானெட்டைத் திறக்கும்போது வர்ற பயம் போயிடுச்சு. முன்னாடி பாத்தா ஒரே வயரும் ட்யூபுமா இருக்கும். இப்போ "நீ எங்கருந்து வர்ற, எங்க போற"ன்னு ஒவ்வொண்ணையும் கேக்கலாம்.

சரி, "டிக்"குக்கு வருவோம்.

கார் பேட்டரிக்குள்ள ஆறு அறை. ஒவ்வொண்ணும் ரெண்டு வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேல. முழுசா சார்ஜ் இருந்தா, வண்டி சும்மா நிக்கும்போது 12.6 வோல்ட் காட்டணும். 12-க்கு வந்துடுச்சுன்னா ஏறக்குறைய காலி. (பன்னெண்டு வோல்ட் பேட்டரியில பன்னெண்டு இருந்தா நல்லாத்தானே இருக்குன்னு தோணும். இல்ல.) வண்டி ஓடிக்கிட்டிருக்கும்போது அளந்தா 13.8-லருந்து 14.5 வரைக்கும் இருக்கணும். இருந்தா ஆல்டர்னேட்டர் சார்ஜ் பண்ணுதுன்னு அர்த்தம். மீட்டர் வெச்சிருக்கற யாரும் ரெண்டே நிமிஷத்துல பாக்கக்கூடிய விஷயம் இது. அந்தக் கடையிலயும் மீட்டர் இருந்துச்சு. ஆணியில தொங்கிக்கிட்டு.

நான் அளந்தேன். 12.5. நல்லாத்தான் இருக்கு.

அடுத்து அம்மாவ டிரைவர் சீட்ல உக்கார வெச்சேன். நியூட்ரல், ஹேண்ட்பிரேக், ரெண்டும் பாத்தாச்சு. துப்பட்டாவக் கழட்டி வீட்டுக்குள்ள போட்டாச்சு (ஃபேன் பெல்ட் பக்கத்துல துப்பட்டா, தொங்கற முடி, வளையல் எதுவும் ஆகாது, இதை யாரும் வீடியோவுல சொல்றதில்ல). "சாவியத் திருப்பும்மா"ன்னேன். டிக். "ஐயோ, ஷாக் அடிக்கப் போவுதுடி"ன்னு அம்மா. பன்னெண்டு வோல்ட் ஷாக் அடிக்காதும்மா. திருப்பு. டிக்.

திருப்பும்போதும் பேட்டரியில 12 வோல்ட்டுக்குக் கீழ பெருசா எறங்கல.

இங்கதான் கேஸ் திரும்புது. பேட்டரி நிஜமாவே செத்திருந்தா, செல்ஃப் எடுக்கற நேரத்துல பத்துக்குக் கீழ தொபுக்குன்னு விழணும். விழலைன்னா பேட்டரி தெம்பாத்தான் இருக்கு, கரண்ட் போக வேண்டிய அளவுக்குப் போகல. அப்போ பாதையில எங்கயோ தகராறு.

மொதல்ல பேட்டரி டெர்மினல் மேல சந்தேகம். வெள்ளையும் பச்சையுமா பூத்திருந்துச்சு. சுடுதண்ணியில ஆப்ப சோடாவக் கரைச்சு ஊத்தினா நொரைச்சுக்கிட்டு கழண்டுடும். தேய்ச்சு, தொடைச்சு, திருப்பி மாட்டி, வாசலின் தடவி, ஆசையா சாவியத் திருப்பினா...

டிக்.

அப்புறம் ரிலே. அது சரியா இருந்துச்சு. செல்ஃப் மோட்டாருக்குப் போற பெரிய சிவப்பு வயர். அதுவும் சரி.

போற பாதை பூரா பாத்தாச்சு. வர்ற பாதைய யாரு பாக்கறது?

கார்ல கரண்ட் திரும்பி வர்றதுக்குத் தனியா வயர் இழுக்கறதில்ல. வண்டியோட இரும்பு பாடிதான் திரும்பற பாதை. பேட்டரி நெகட்டிவ்லருந்து ஒரு தடி வயர் பாடிக்குப் போகுது. ஆனா செல்ஃப் மோட்டார் உக்காந்திருக்கறது இஞ்சின் மேல. இஞ்சின் உக்காந்திருக்கறது ரப்பர் மவுண்ட் மேல, இல்லன்னா வண்டி பூரா அதிரும். ரப்பர்ல கரண்ட் போகாது. அதனால இஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவுல பின்னல் மாதிரி ஒரு செம்புப் பட்டை மாட்டியிருப்பாங்க. எர்த் ஸ்ட்ராப். கீழ, சேறு அடிக்கற எடத்துல, யாரு கண்ணுலயும் படாம கெடக்கும்.

மீட்டரோட கருப்பு முனைய பேட்டரி நெகட்டிவ்ல வெச்சேன். சிவப்பு முனைய இஞ்சின் பிளாக்ல அழுத்தினேன். ரெண்டும் எர்த்துதானே, ஜீரோ காட்டணும். செல்ஃப் எடுக்கும்போது கால் வோல்ட்டுக்குள்ள வந்தா பரவால்லன்னு விடலாம். அம்மா சாவியத் திருப்பினாங்க.

நாலு வோல்ட்டுக்குப் பக்கத்துல!

நான் போட்ட சத்தத்துல பக்கத்து வீட்டு நாய் எந்திரிச்சுடுச்சு.

ஹெட்லைட் மட்டும் எப்படி எரிஞ்சுதுன்னு கேக்கலாம். அதோட எர்த் நேரா பாடிக்குப் போகுது, இந்தப் பட்டை வழியா வர்றதே இல்ல. வந்திருந்தாலும் எரிஞ்சிருக்கும். இந்தக் கணக்கு எனக்கு ரொம்பப் பிடிச்சது. 60 வாட் பல்பு ஒண்ணு 12 வோல்ட்ல 5 ஆம்பியர்தான் எடுக்கும். செல்ஃப் மோட்டாருக்கு நூறு ஆம்பியருக்கு மேல வேணும். கனெக்‌ஷன்ல துரு பிடிச்சு வெறும் 0.03 ஓம் தடை இருக்குன்னு வைங்க. 5 ஆம்பியர் போனா தின்னு தீர்க்கறது 0.15 வோல்ட். லைட்டுக்கு அது தெரியவே தெரியாது. அதே தடையில 100 ஆம்பியர் போகணும்னா 3 வோல்ட் காணாமப் போயிடும். மிச்சத்த வெச்சுக்கிட்டு மோட்டார் என்ன சுத்தும்? அதனால "லைட் எரியுதே, அப்போ கனெக்‌ஷன் நல்லா இருக்கு"ங்கற வாதம் செல்லாது. (இன்னொண்ணு. எர்த் ஸ்ட்ராப் மோசமா இருந்தா கரண்ட் வேற வழி தேடும். ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாப் பாஞ்சு அந்தக் கேபிளே சூடாகி உருகினதெல்லாம் உண்டு. கேபிள மாத்துவாங்க. திரும்ப உருகும்.)

கீழ குனிஞ்சு பாத்தா, பட்டையில பாதி இழை அறுந்து, போல்ட்டைச் சுத்தி பச்சையா கெடக்குது. ஸ்பேர் பார்ட்ஸ் கடையில புதுப் பட்டை வாங்கினேன், நூத்துச் சொச்சம் ரூபாய். மாட்டற எடத்துல உப்புத்தாள் போட்டு இரும்பு பளபளன்னு தெரியற வரைக்கும் தேய்ச்சேன். முடுக்கினேன். அம்மா சாவியத் திருப்பினாங்க.

ஒரே சுத்து. வண்டி கெளம்பிடுச்சு.

அம்மா எறங்கி வந்து சொன்னது: "இதுக்கா இவ்ளோ நேரம்?"

இதுல ஒரு விஷயம் மட்டும் சாமி சத்தியமா மனசுல வெச்சுக்குங்க. பேட்டரியக் கழட்டும்போது நெகட்டிவ் மொதல்ல. மாட்டும்போது நெகட்டிவ் கடைசி. ஏன்னா வண்டி பாடி பூராவும் நெகட்டிவ். நெகட்டிவ் மாட்டியிருக்கும்போதே பாசிட்டிவ்ல ஸ்பேனரைப் போட்டு, அதோட மறுமுனை பாடியில பட்டா, பொறி பறக்கும், ஸ்பேனரே செவந்து போகும். மோதிரம், வளையல் போட்டிருந்தா கை காலி. ஷாக் அடிக்காதுங்கறதும் சுடாதுங்கறதும் வேற வேற.

கையால சுத்தி ஸ்டார்ட் பண்ணின காலத்துல இந்தத் தொல்லையே இல்லன்னு அப்பா சொல்வாரு. பழைய அம்பாசடர்ல முன்னாடி ஹேண்டில் சொருகி சுத்துவாங்களே, அது. ஆனா அந்த ஹேண்டில் எத்தனையோ பேர் மணிக்கட்ட ஒடைச்சிருக்கு. இஞ்சின் திருப்பி ஒதைச்சா கையே போயிடும். அமெரிக்காவுல சார்லஸ் கெட்டரிங் செஞ்ச எலக்ட்ரிக் ஸ்டார்ட்டர் 1912-ல காடிலாக் கார்ல வந்த பிறகுதான், கைல தெம்பு இருக்கறவன்தான் கார் ஓட்டணும்கற கதை மெல்ல மெல்ல மாறுச்சு. அந்த வகையில செல்ஃப் மோட்டாருக்குப் பொம்பளைங்க நாங்க கொஞ்சம் கடமைப்பட்டிருக்கோம். சார் வரலைன்னாலும் வண்டி கெளம்பும்.

அடுத்த பாதை தண்ணி. இதுல எனக்கு ஒரு தனிப்பட்ட வாய்க்கா தகராறு இருக்கு.

இஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவுல தெர்மோஸ்டாட்னு ஒரு சின்ன கதவு. உள்ள மெழுகு இருக்கும். இஞ்சின் சில்லுன்னு இருக்கற வரைக்கும் கதவு மூடியிருக்கும், தண்ணி இஞ்சினுக்குள்ளயே சுத்தி சீக்கிரம் சூடாகும். 82 டிகிரி, 88 டிகிரின்னு வண்டிக்கு வண்டி கொஞ்சம் மாறும், அந்தச் சூட்டுல மெழுகு விரிஞ்சு கதவு திறக்கும், தண்ணி ரேடியேட்டருக்குப் போகும். கரண்ட் இல்ல, கம்ப்யூட்டர் இல்ல, வெறும் மெழுகு. எவ்ளோ அழகான ஐடியா!

நம்ம ஊர்ல இதைக் கழட்டித் தூக்கிப் போட்டுடறாங்க. "நம்ம வெயிலுக்கு இது எதுக்கு மேடம்?" எங்க வண்டியிலயும் எப்பவோ யாரோ எடுத்திருக்காங்க. ஹைவேஸ்ல போனா டெம்பரேச்சர் முள்ளு அடியிலயே படுத்துக் கெடக்கும். நல்லதுதானேன்னு தோணும். இல்லைங்க. இஞ்சின் அதுக்குன்னு வெச்ச சூட்டுல ஓடணும். சூடு ஏறலைன்னா பெட்ரோல் சரியா ஆவியாகாம கூடுதலா செலவாகும், ஆயில் சூடாகாம உள்ள ஈரம் தங்கும், தேய்மானம் அதிகமாகும். வெயில் வெளிய 40 டிகிரி இருந்தா என்ன, இஞ்சினுக்கு வேண்டியது 80-க்கு மேல.

புதுசு ஒண்ணு வாங்கினேன். மாட்டறதுக்கு முன்னாடி டெஸ்ட் பண்ணணுமே? பால் காய்ச்சற சட்டியில தண்ணி வெச்சு, நூல்ல கட்டித் தொங்க விட்டு, அடுப்பப் பத்த வெச்சேன். கொதிக்கறதுக்குக் கொஞ்சம் முன்னாடி கதவு மெல்ல மெல்ல திறந்துச்சு. நான் மெய்மறந்து பாத்துக்கிட்டிருந்தேன். அம்மா அந்தச் சட்டியப் பாத்துக்கிட்டிருந்தாங்க. (புதுச் சட்டி வாங்கிக் குடுத்தாச்சு. பிரச்சினை முடிஞ்சது.)

இன்னொரு வழக்கம், ரேடியேட்டர்ல குழாத்தண்ணி ஊத்தறது. எங்க பக்கத்து போர் தண்ணிய ஊத்தினா பக்கெட்லயே உப்பு படியுது, ரேடியேட்டரோட சின்னச் சின்ன குழாய்ல படியாதா? "இங்க என்ன பனியா பெய்யுது, கூலன்ட் எதுக்கு"ன்னு கேப்பாங்க. பனிக்காக மட்டும் அது இல்ல. துரு பிடிக்காம காப்பாத்தறதுக்கும், கொதிநிலைய ஏத்தறதுக்கும்தான் நமக்கு வேணும். ரேடியேட்டர் மூடியும் குக்கர் விசில் செய்யற வேலையத்தான் செய்யுது. 0.9 பார் அழுத்தத்துல மூடி வெச்சா வெறும் தண்ணிகூட 118 டிகிரி பக்கம் வரைக்கும் கொதிக்காம தாங்கும். அதனாலதான் சூடா இருக்கும்போது மூடியத் திறக்கக்கூடாது. அழுத்தம் போன அந்த நொடியே மொத்தமும் கொதிச்சு மூஞ்சில அடிக்கும்.

வண்டி சூடானா எப்போ சூடாகுதுன்னு கவனிங்க. அஞ்சு ரோட்டு சிக்னல்ல நின்னா சூடாகி, ஹைவேஸ்ல ஓடினா ஆறிடுதா? ஃபேனப் பாருங்க. ஓடும்போது காத்து தானா அடிக்குது, நின்னா ஃபேன்தான் அடிக்கணும். சிக்னல்ல சும்மா இருந்து, ஹைவேஸ்ல வேகமா போனா சூடாகுதா? ரேடியேட்டர் அடைச்சிருக்கலாம், தண்ணி ஓட்டம் பத்தலைன்னு சந்தேகப்படலாம். இந்த ஒரு வரியப் போயி மெக்கானிக்கிட்ட சொல்லிப் பாருங்க, அவரு உங்களப் பாக்கற பார்வையே மாறும்.

பிரேக்க நான் தொடறதில்ல. ஆனா பிரேக் ஆயில பத்தி ஏற்காடு ஏறி எறங்கற ஊர்க்காரி சொல்லாம இருக்க முடியாது. அது காத்துல இருக்கற ஈரத்த உறிஞ்சும். டாட் 3 ஆயில் புதுசா இருக்கும்போது குறைஞ்சபட்சம் 205 டிகிரி வரைக்கும் கொதிக்கக்கூடாது. ஈரம் ஏறினா அந்த வரம்பு 140-க்கு எறங்கிடும். 20 கொண்டை ஊசி வளைவையும் பிரேக்க அமுத்திக்கிட்டே எறங்கினா அந்தச் சூடு சுலபமா வரும். கொதிச்சா குமிழி. ஆயில அமுக்க முடியாது, குமிழிய அமுக்கலாம். அப்புறம் பெடல் பஞ்சாட்டம் உள்ள போகும், வண்டி நிக்காது. ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாத்தச் சொல்லுங்க (ஆமா, இதை நானே "மாத்துங்க"ன்னு சொல்றேன்). எறங்கும்போது ரெண்டாவது கியர்.

இஞ்சின் ஆயிலுக்கு ஒரே வேலை: சமதளத்துல நிறுத்தி, கொஞ்ச நேரம் விட்டு, டிப்ஸ்டிக்க எடுத்துத் தொடைச்சு, திருப்பி விட்டுப் பாக்கறது. ரெண்டு கோட்டுக்கு நடுவுல இருக்கணும். கருப்பா இருக்கறது பெரிய விஷயமில்ல. காபி கலர்ல பால் கலந்த மாதிரி இருந்தா தண்ணி கலக்குது, வண்டிய எடுக்காம மெக்கானிக்கக் கூப்பிடுங்க.

புது வண்டிக்காரங்க "எங்களுக்கு இதெல்லாம் தேவையில்ல, ஸ்கேனர் மாட்டினா சொல்லிடும்"பாங்க. சொல்லும். என்ன சொல்லும்? பி0171-ன்னு ஒரு கோடு வரும். காத்து அதிகம், பெட்ரோல் கம்மின்னு அர்த்தம். உடனே ஆக்சிஜன் சென்சார மாத்துவாங்க. அந்த சென்சார் நல்லா வேலை செய்யறதுனாலதான் அந்தக் கோடே வந்திருக்கும்! எங்கயோ வேக்குவம் குழாய் விரிசல் விட்டு காத்து உள்ள போகும். ஸ்கேனர் வந்தாலும் பாதையத் தேடித்தான் ஆகணும்.

"பொம்பளப்புள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு, இது படிச்சு வர்றதா"ன்னு கேட்ட சித்தப்பாவுக்கு நான் ஜி.டி. நாயுடு கதையச் சொன்னேன். கோயமுத்தூர்ல ஹோட்டல்ல வேலை பாத்து காசு சேத்து, வெள்ளைக்கார அதிகாரிகிட்ட ரட்ஜ் மோட்டார் சைக்கிள வாங்கி, அதைப் பூரா பிரிச்சுப் போட்டு மாட்டிக் கத்துக்கிட்டவரு. 1920-ல ஒரே ஒரு பஸ்ஸ பொள்ளாச்சி - பழனி ரூட்ல விட்டு ஆரம்பிச்சாரு. காலேஜா போனாரு? சித்தப்பா, "அவரு ஜி.டி. நாயுடு, நீ?"ன்னாரு. நியாயமான கேள்விதான். நான் பூரா பிரிக்கப் போறதில்லையே. ஏசி கேஸ், ஏர்பேக், டைமிங் பெல்ட் பக்கமே போக மாட்டேன். வெறும் ஜாக்கிய மட்டும் நம்பி வண்டிக்கு அடியில தலைய விடவே மாட்டேன், நீங்களும் விடாதீங்க, ஜாக்கி எப்போ வழுக்கும்னு ஜாக்கிக்கே தெரியாது. ஸ்டாண்ட் வெச்சு நிறுத்தணும்.

இப்போ ரெகுலரா வேற ஒரு மெக்கானிக் அண்ணன்கிட்ட போறேன். நல்ல மனுஷன். பார்ட்டு பேரைச் சொல்லிக்கிட்டு நான் அங்க போறதில்ல. என்ன ஆகுது, எப்போ ஆகுது, நான் எதை அளந்தேன், எவ்ளோ காட்டுச்சு, அவ்ளோதான் சொல்வேன். "செல்ஃப் எடுக்கும்போது எர்த் சைடுல நாலு வோல்ட் விழுந்துச்சுண்ணே"ன்னு அந்தக் கதையச் சொன்னப்போ, கையில இருந்த ஸ்பேனரைக் கீழ வெச்சுட்டு, "மீட்டர் வெச்சுப் பாத்தியா நீயே?"ன்னு கேட்டாரு. அப்புறம் தன்கிட்ட வேலை கத்துக்கற பையனக் கூப்பிட்டு, "டேய், அக்கா சொல்றதக் கேளு"ன்னாரு. அன்னைக்கு எனக்கு டீ ஃப்ரீ.

இந்தச் சேதி தெருவுல பரவினதுல ஒரு சிக்கல். நாலு வீடு தள்ளி இருக்கற பெரியப்பா கார்ல, ஸ்டீயரிங்க இடது பக்கம் ஒடிச்சா ஹாரன் தானா அடிக்குதாம். ராத்திரி வீட்டுக்குள்ள திருப்பும்போது தெருவே எந்திரிச்சு நிக்குது. ஹாரன மாத்தச் சொல்லிட்டாங்களாம். "நீ வந்து பாரும்மா"ன்னு கூப்பிட்டிருக்காரு. ஸ்டீயரிங் திரும்பற எடத்துல எங்கயோ வயர் தேஞ்சு பாடியில படுதுன்னு எனக்குச் சந்தேகம். ஞாயித்துக்கிழமை மீட்டரோட போறேன். ஏர்பேக் இல்லாத பழைய ஸ்டீயரிங்தான், முன்னாடியே கேட்டுக்கிட்டேன்.